பழைய காருக்கு என்ன பெயின்ட்? டின் வாங்கும் முன் ஒரு தின்னர் துணி

பானட்டில் மூன்றாவது கோட் அடித்துவிட்டு பெயின்டர் ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்தார். சில நிமிடங்கள் கண்ணாடி போலத்தான் இருந்தது. அப்புறம் நடுவில் சின்னதாக ஒரு சுருக்கம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நாலா பக்கமும் ஓடி, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி பானட் முழுக்கப் பொரிந்து எழும்பிவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "யாரோ கேட்டுக்கு அடிக்கிற பெயின்ட்டை இதுல அடிச்சு வெச்சிருக்காங்க சார்" என்றார்.

வண்டி என் மாமனாரிடமிருந்து வந்த 1996 மாருதி 800. அவருக்கு முன் வேறொருவர் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் எதிலோ இடித்து, பானட்டுக்கு மட்டும் மலிவாக சிந்தெடிக் எனாமல் அடித்திருக்கிறார்கள். அதன் மேல் என்.சி. பெயின்ட் (சீக்கிரம் காயும் லாக்கர் ரகம்) ஏறியதும், அதிலிருந்த காரமான தின்னர் அடியில் இருந்ததை ஊறவைத்துக் கிளப்பிவிட்டது. எட்டு நாள் வேலை கூடுதலாக இழுத்தது. சோதித்துப் பார்த்திருக்க வேண்டியவர் பெயின்டர்தான். ஆனால் நானும் "நல்ல பெயின்ட்டா அடிங்க" என்பதைத் தவிர ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேலை கிடைத்து பெங்களூருக்கு வந்து, அப்பாவின் பழைய வண்டியையும் ஊரிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி பெயின்ட் நல்லது?" என்று. அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. நிப்பான், நெரோலாக், ஆக்ஸால்டா, சிக்கன்ஸ், எம்.ஆர்.எஃப். என்று எதை வாங்கினாலும், அடியில் இருப்பதோடு ஒத்துப்போகாத ரகமாக இருந்தால் அப்பளம்தான். வண்டி மேல் ஏற்கெனவே இருக்கும் பெயின்ட்டும், புதிதாக அடிக்கப்போகும் இடமும் சேர்ந்துதான் ரகத்தைத் தீர்மானிக்கின்றன. அதனால் கடைக்குப் போவதற்கு முன் வண்டியிடமிருந்து தொடங்குவோம்.

முதல் வேலை: வண்டி மேல் என்ன இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். அரை லிட்டர் என்.சி. தின்னர், பழைய வெள்ளைப் பனியன் துணி, ஒரு காந்தம், கொஞ்சம் ரப்பிங் காம்பவுண்ட் (தேய்த்துப் பளபளப்பாக்கும் பசை). கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது.

ஒவ்வொரு பேனலாகச் சோதிக்க வேண்டும். இருபது, முப்பது வருஷ வண்டி முழுக்க ஒரே பெயின்ட்டில் இருப்பது அபூர்வம். முன் கதவு ஒரு ஷெட்டில், ஃபெண்டர் வேறொரு ஷெட்டில், டிக்கி மூடி இன்னொரு ஊரில் என்று கை மாறிக்கொண்டே வந்திருக்கும். கதவின் கீழ் விளிம்பு, பானட்டின் ஓரம் என்று கண்ணில் படாத இடமாகப் பாருங்கள். ஆனால் வெளிப்பக்கம் அடித்த பெயின்ட் அங்கேயும் வந்திருக்க வேண்டும். தின்னரில் நனைத்த துணியை அங்கே அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுத் தேயுங்கள்.

நிறம் கரைந்து துணியில் வந்துகொண்டே இருந்தால் அது லாக்கர் வகை: என்.சி. அல்லது அக்ரிலிக். பெயின்ட் பிசுபிசுத்து உப்பினாலோ சுருங்கினாலோ சிந்தெடிக் எனாமல். ஒன்றும் ஆகாமல் பளபளப்பு மட்டும் லேசாக மங்கினால், அது தொழிற்சாலையில் சூட்டில் காய வைத்த பெயின்ட், இல்லாவிட்டால் யாரோ பொறுப்பாக அடித்த டூ-கே, அதாவது ஹார்டனர் என்ற கெட்டியாக்கும் திரவம் கலந்து அடிக்கும் பெயின்ட். இந்தக் கடைசி வகை வந்தால் நிம்மதி. ஒழுங்காகத் தேய்த்துவிட்டால் அதன் மேல் எந்த ரகமும் உட்காரும்.

அடுத்து, சுத்தமான துணியில் கொஞ்சம் காம்பவுண்ட் எடுத்து ஒரு மூலையில் தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் வந்தால் ஒரே அடுக்காக அடித்த நிறம். நிறம் வராமல் துணி சும்மா அழுக்கானால் மேலே கிளியர் கோட், அதாவது நிறமில்லாத பளபளப்பு அடுக்கு, இருக்கிறது.

கடைசியாகக் காந்தம். ஒரு மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, படிக்குக் கீழே ஓடும் தகரம் ஆகிய இடங்களில் வையுங்கள். ஒட்டாமல் சறுக்கி விழுந்தால் உள்ளே பட்டியை (பள்ளம் நிரப்பும் பசை) மெத்தையாக அப்பியிருக்கிறார்கள். என் 800-இன் பின் சக்கர வளைவில் காந்தம் ஒட்டவே இல்லை. விரலால் தட்டினால் தகரச் சத்தம் வர வேண்டிய இடத்தில் சுவர்ச் சத்தம் வந்தது. உளியால் கிளப்பியபோது அரை அங்குலத்துக்கு பட்டி, அதற்குப் பின்னால் தகரத்துக்குப் பதில் துருப் பொடி. இப்படிப்பட்ட இடத்தில் பெயின்ட் ரகத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. முதலில் டிங்கர் (தகர வேலை செய்பவர்) வந்து அழுகிய தகரத்தை வெட்டி, புதுத் துண்டு வைத்து வெல்டு அடிக்க வேண்டும்.

பார்த்ததையெல்லாம் பேனல் வாரியாக ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பெயின்டரிடம் பேசும்போது அந்தத் தாள் கையில் இருந்தால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

ஷெட்டில் அடிபடும் பெயர்கள்

பெங்களூர் சிவாஜி நகர் ஷெட்களில் ஒரே வாக்கியத்துக்குள் தமிழ், கன்னடம், உருது மூன்றும் ஓடும். பெயின்ட் பெயர்களும் அப்படித்தான், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். குழம்ப வேண்டாம், கார்களுக்கு அடிப்பவற்றைத் தோராயமாக நான்கு வகைக்குள் அடக்கிவிடலாம்.

என்.சி. என்பது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். 1920களில் டூபான்ட் கம்பெனி 'ட்யூகோ' என்ற பெயரில் இதைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் ஒரு காருக்குப் பெயின்ட் அடித்துக் காயவைத்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அந்தப் பெயர் நம் ஷெட்களில் இன்னும் சாகவில்லை. வயதான பெயின்டர்கள் எந்தக் கார் பெயின்ட்டையும் ட்யூகோ என்றுதான் சொல்வார்கள். ஆகவே "ட்யூகோ அடிச்சிடலாம்" என்று ஒருவர் சொன்னால், என்.சி.யா டூ-கேயா என்று திருப்பிக் கேளுங்கள். என்.சி. தின்னர் ஆவியானதுமே காய்ந்துவிடும். சில நிமிடங்களில் தூசி ஒட்டாத நிலைக்கு வந்துவிடும். திறந்தவெளி ஷெட்டில் இது பெரிய வசதி. மறுபடி அடித்தால் பழைய அடுக்கோடு கரைந்து சேர்ந்துகொள்ளும் என்பதால் ஒட்டு வேலையும் சுலபம். குறை என்னவென்றால், கன்னிலிருந்து வரும்போது மங்கலாகத்தான் இருக்கும். பல கோட் அடித்து, தேய்த்து, பாலிஷ் போட்டுத்தான் பளபளப்பு வரும். வெயிலில் வெளிறும், வருஷம் போகப் போக வெடிப்பு விடும். பெட்ரோல் போடும் வாயில் கொஞ்சம் சிந்தினால் அங்கே நிறம் இளகும்.

சிந்தெடிக் எனாமல் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கேட், கிரில் பெயின்ட்டின் அண்ணன். காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெதுவாகக் காயும். மணிக்கணக்கில் ஈரமாகவே இருப்பதால் தெருத் தூசி எல்லாம் வந்து உட்காரும். முதல் நாள் பார்த்தால் அத்தனை பளபளப்பு; சில வருஷ வெயிலில் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டும். லாரி பாடிக்கும், சேஸிஸுக்கும் சரி. காரில் இதைப் பெரும்பாலும் விற்கப் போகிற வண்டிக்குத்தான் அடிக்கிறார்கள். வாங்கப் போகிறவர் நீங்கள் என்றால் தின்னர் துணியைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

மூன்றாவது டூ-கே. பி.யு. என்றும் சொல்வார்கள். பெயின்ட் ஒரு டின், ஹார்டனர் தனியாக ஒரு சின்ன டின். இரண்டும் கலந்ததும் வேதிவினை தொடங்கி, கெட்டியாகி, அப்புறம் தின்னருக்கோ பெட்ரோலுக்கோ கரையாத படலமாகிவிடும். நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில் கிடைக்கும். சிராய்ப்பு விழுந்தால் பாலிஷ் போட்டு எடுக்கலாம். மெட்டாலிக் இல்லாத சாதாரண நிறம் கொண்ட பழைய வண்டிக்கு, அம்பாசடரோ பத்மினியோ மாருதி 800-ஓ, நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான். மரச் சாமான்களுக்கு அடிக்கும் பி.யு. வேறு, கடையில் காருக்கு என்று சொல்லிக் கேளுங்கள்.

நான்காவது பேஸ் கோட், கிளியர் கோட் ஜோடி. பேஸ் கோட் வெறும் நிறம், காய்ந்தால் மங்கலாக இருக்கும். பளபளப்பும் பாதுகாப்பும் மேலே அடிக்கும் கிளியரிலிருந்து வருகின்றன. மெட்டாலிக், பேர்ல் நிறங்களுக்கு இதைவிட்டால் வேறு நல்ல வழி இல்லை. ஆனால் 1970களின் வெள்ளை அம்பாசடர் மேல் கனமாகக் கிளியர் அடித்துப் பார்த்திருக்கிறேன். ஜெல்லியில் முக்கி எடுத்தது போல இருக்கும். இது ரசனை விஷயம், சண்டை வேண்டாம்.

கிளியரில் ஒரு கண்ணி இருக்கிறது. ஹார்டனர் தேவைப்படாத ஒன்-கே கிளியர் விலை குறைவு. அடித்த அன்று டூ-கே கிளியருக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. வெயிலும் மழையும் சில பருவம் பார்த்த பிறகு கூரையிலும் பானட்டிலும் தோல் உரிவது போல உரியும். கண்டுபிடிக்க எளிய வழி, கலக்கும் நேரத்தில் பக்கத்தில் நின்று "ஹார்டனர் டின் எங்கே?" என்று கேட்பதுதான். அந்தச் சின்ன டின் இல்லையென்றால் அது டூ-கே இல்லை.

எதன் மேல் எது?

பழைய பெயின்டர்கள் ஒன்று சொல்வார்கள்: லாக்கர் மேல் எனாமல் போகும், எனாமல் மேல் லாக்கர் போகாது. காரமான தின்னர் கொண்டதை மென்மையானதன் மேல் ஏற்றக் கூடாது என்பதுதான் இதன் பொருள். என் பானட் பாடமும் அதுவே.

சோதனையில் சிந்தெடிக் எனாமல் என்று தெரிந்த பேனலை தகரம் வரை எடுத்துவிடுங்கள். நடுவில் ஏதோ ஒரு பிரைமர் அடித்து மறைத்துவிடலாம் என்பார்கள். சில சமயம் தப்பிக்கும், சில சமயம் தப்பிக்காது, மாட்டினால் இரண்டு செலவு. அடியில் என்.சி. இருந்து, வெடிப்போ உரிசலோ இல்லாமல் கெட்டியாக இருந்தால், நன்றாகத் தேய்த்து எபாக்ஸி பிரைமரால் மூடி அதன் மேல் டூ-கே அடிக்கலாம். வெடிப்பு இருந்தால் அதையும் எடுக்க வேண்டியதுதான். வெடிப்பை மூடி அடித்த புது பெயின்ட்டில் அதே கோடுகள் அதே இடத்தில் எழுந்து வரும்.

பழைய மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு பெயின்ட்களில் ஈயம் சேர்ந்த நிறமிகள் இருக்க வாய்ப்பு உண்டு. அவற்றைத் தேய்க்கும்போது தூசி மாஸ்க் கட்டாயம். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அந்த வேலை வேண்டாம்.

ரகமும் தெரிந்து, அடியும் தெரிந்த பிறகு என் முடிவு சுருக்கமாக: சாதா நிறத்துக்கு டூ-கே ஒற்றை அடுக்கு. மெட்டாலிக் என்றால் பேஸ் கோட்டும் டூ-கே கிளியரும். வண்டி உண்மையான பழங்கால வண்டியாக இருந்து, அசல் தோற்றம் கெடக் கூடாது என்றால் மட்டும் என்.சி. 2021-இல் வந்த விதியின்படி முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, அசல் வடிவில் வைத்திருக்கும் வண்டியை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அனுபவமுள்ள ரெஸ்டோரரைப் போய்ப் பாருங்கள்.

அடிவேலை

சிவாஜி நகரில் இரண்டாவது முறை என் வண்டியை எடுத்துக்கொண்ட பாய், விலை பேசும்போதே சொன்னார்: "தம்பி, கலர் அடிக்கிறது அரை நாள். அதுக்கு முன்னாடி ஆறு நாள் தேய்ப்பு. நீங்க அந்த ஆறு நாள்ல வந்து பாருங்க, கடைசி நாள் வரவேணாம்." நான் எல்லா நாளும் போனேன்.

துருவைத் தகரம் பளிச்சென்று தெரியும் வரை எடுத்ததும், அன்றே எபாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும். பெங்களூர் ஈரக்காற்றில் ஒரு ராத்திரி விட்டால் பழுப்பு படர ஆரம்பிக்கும். இங்கேதான் பல ஷெட்களில் தவறு நடக்கிறது: கையில் இருக்கும் ரெட் ஆக்ஸைடை அடித்துவிடுவார்கள். அது கேட்டுக்கும் இரும்புக் கதவுக்குமான எண்ணெய்ச் சார்புள்ள பிரைமர். அதன் மேல் டூ-கே ஏறினால் மறுபடி பானட் கதைதான். ரெட் ஆக்ஸைடு டின் கண்ணில் பட்டால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

பட்டி மெல்லிசாக, இரண்டு மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. டென்டைத் தகரத்திலேயே எடுத்துவிட்டு, மிச்ச மேடு பள்ளத்துக்கு மட்டும் பட்டி. 80 நம்பர் உப்புத்தாளில் உருவம் கொண்டுவந்து, 180-இல் கோடு எடுத்து, அப்புறம் சர்ஃபேஸர் (மேற்பரப்பைச் சமனாக்கும் பிரைமர்) அடித்து 320, 400 என்று போவார்கள். திறந்திருக்கும் பட்டியைத் தண்ணீர் ஊற்றித் தேய்க்கக் கூடாது. பாலியெஸ்டர் பட்டி பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடிக்கும். மேலே பெயின்ட் மூடிவிட்டால் அந்தத் தண்ணீர் வெயில் நாளில் கொப்புளமாக வெளியே வரப் பார்க்கும். சர்ஃபேஸர் ஏறிய பிறகு தண்ணீர்த் தேய்ப்பு தாராளமாகச் செய்யலாம். சாதா நிறத்துக்கு 600 நம்பர் போதும். மெட்டாலிக்குக்கு 800 வரை போனால்தான் கீறல் தெரியாது.

பிளாஸ்டிக் பம்பர் இருந்தால் அதற்கு பிளாஸ்டிக் பிரைமர் தனி. அதைத் தவிர்த்தால் முதல் பார்க்கிங் உரசலிலேயே பட்டை பட்டையாக உரியும்.

இன்னொன்று. வேலைக்கு விடுவதற்கு முன் டாஷ்போர்டு, டயர் பாலிஷ் எதுவும் போடாதீர்கள். அதிலிருக்கும் சிலிக்கோன் ஒரு துளி பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் மீன் கண் மாதிரி வட்டக் குழிகள் விழும். வண்டியைப் பளபளப்பாக்கி ஷெட்டுக்குக் கொண்டுபோகும் பாசம் பலருக்கு உண்டு. அது வினையாகும்.

நிறத்தைப் பிடிப்பது

ஜே.சி. ரோட்டுப் பக்கம் ஒரு கலர் மிக்ஸிங் கடையில், பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கொண்டுபோய் "இந்த வெள்ளை வேணும்" என்றேன். அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "எந்த வெள்ளை?" என்றார். மாருதியின் சுப்பீரியர் ஒயிட்டுக்கு 26யு என்று ஒரு குறியீடு. சில்க்கி சில்வருக்கு இசட்2எஸ். ஒவ்வொரு கம்பெனிக்கும் இப்படி ஒரு குறியீடு உண்டு. எஞ்சின் அறையிலோ கதவுத் தூணிலோ இருக்கும் தகட்டில் தேடிப் பாருங்கள். குறியீட்டைக் கொடுத்தால் கணினி சூத்திரம் சொல்லும். கடைக்காரர் தராசின் மேல் டின்னை வைத்து கிராம் கணக்கில் சேர்ப்பார். என் வெள்ளை டின்னுக்குள் கறுப்பிலும் மஞ்சளிலும் சில துளிகள் விழுந்ததைப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. அந்தத் துளிகள் இல்லாவிட்டால் வண்டி குளிர்சாதனப் பெட்டி நிறத்தில் வந்திருக்கும்.

முழு வண்டியும் அடிப்பதென்றால் குறியீட்டின் நிறத்தையே எடுங்கள். ஒரு கதவு மட்டும் என்றால் குறியீடு உதவாது, ஏனென்றால் மற்ற பேனல்கள் இத்தனை வருஷத்தில் வெளுத்திருக்கும்; அந்த வெளுத்த நிறத்துக்குத்தான் கலக்க வேண்டும். எப்படியானாலும் ஒரு அட்டையில் அடித்து, காயவைத்து, வெயிலிலும் நிழலிலும் வண்டியோடு சேர்த்துப் பாருங்கள். டியூப் லைட்டில் மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்கள் அப்புறம் வருத்தப்படுவார்கள். சில்வரில் கன் பிடிக்கும் தூரம் மாறினாலே நிறம் மாறும் என்பதால், ஒட்டு வேலை எனில் பக்கத்துப் பேனலுக்குள்ளும் மங்கலாகக் கலந்துவிடச் சொல்லுங்கள்.

மாருதி 800 அளவு வண்டிக்கு வெளிப்புறம் மட்டும் என்றால், ஹார்டனர், தின்னர் கலந்து அடிக்கத் தயாரான நிலையில் 3 லிட்டர் வரை வைத்துக்கொள்ளலாம். அம்பாசடருக்கு இன்னும் தாராளமாக வேண்டும். மொத்தத்தையும் ஒரே தடவையில் கலக்கி வாங்குங்கள். பாதியில் தீர்ந்துபோய் மறுபடி கலக்கினால் இடது பக்கமும் வலது பக்கமும் அண்ணன் தம்பியாக இருக்கும், இரட்டையராக இருக்காது.

நிறத்தையே மாற்ற ஆசைப்பட்டால், எஞ்சின் அறை, கதவு உள்பக்கம், டிக்கி எல்லாம் சேர்ந்து வேலை இரட்டிப்பாகும். ஆர்.சி.யில் வண்டியின் நிறம் பதிவாகியிருக்கிறது, மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் சொல்லி அதையும் மாற்ற வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். ராணுவ ஆலிவ் கிரீனை மட்டும் நினைக்கவே வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் அதைத் தனியார் காருக்கு அனுமதிப்பதில்லை.

எங்கே, எப்போது அடிப்பது?

பூத் உள்ள பட்டறையில் உலோகம் 60 டிகிரிக்கு வரும்படி சூடேற்றினால், டூ-கே அரை மணி நேரத்தில் கைபடும் அளவுக்குக் காய்ந்துவிடும். தூசிப் பிரச்சினையும் குறைவு. கூலி அதற்கேற்ப இருக்கும். தார்ப்பாய் கட்டிய ஷெட்டிலும் நல்ல வேலை வரும், ஆனால் நேரம் பார்க்க வேண்டும். பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் எனக்குப் பிடித்த மாதங்கள். மே மாதப் பிற்பகல் மழையிலிருந்து அக்டோபர் வரை காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரத்தில் என்.சி. அடித்தால், தின்னர் வேகமாக ஆவியாகித் தகரத்தைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அதில் படிந்து நிறம் பால் ஊற்றினது போல வெளுக்கும். டூ-கே ஹார்டனருக்கும் ஈரம் ஆகாது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் 15 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும்போது டூ-கே காய்வது மிக மெதுவாகிவிடும். அப்போது வேகமான ஹார்டனர் வாங்க வேண்டும், கோடையில் மெதுவானது. கடையில் மாதத்தைச் சொன்னாலே எடுத்துக் கொடுப்பார்கள்.

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நீங்களே அடித்துப் பார்க்கலாம் என்று தோன்றினால், டூ-கே விஷயத்தில் என் பதில் வேண்டாம் என்பதே. ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. புகையாக உள்ளே போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரக் கூடியது, ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் துளி பட்டாலும் மூச்சு முட்டும். கைக்குட்டை, துணி மாஸ்க் எதுவும் இதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொடுக்கும் முகமூடிதான் சரியான பாதுகாப்பு. பக்கத்து வீட்டுக்காரரின் புதுக் கார் மேல் உங்கள் வெள்ளைப் பொடி உட்கார்ந்தால் வரும் பஞ்சாயத்து தனி. உங்கள் பெயின்டர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அடிப்பவராக இருந்தால், கூலி பேசும்போது ஒரு நல்ல முகமூடிக்கும் சேர்த்துப் பேசுங்கள்.

அடிக்கும் நாள்

பாயின் ஷெட்டில் கண்ணாடிகளை மறைக்கத் தமிழ்ப் பேப்பர் ஒட்டியிருந்தார்கள். முன் கண்ணாடியில் ராசிபலன் பக்கம். மிதுனத்துக்கு வீண் செலவு என்று போட்டிருந்தது; நான் மிதுனம். ஒற்றைத் தாள் போதாது, தின்னர் ஊறி உள்ளே போகும், இரட்டையாக ஒட்டச் சொல்லுங்கள்.

கலப்பில் கண் அளவு கூடாது. கிளியர் பலவற்றில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு ஹார்டனர், சிலவற்றில் நாலுக்கு ஒன்று; டின் மேல் அச்சிட்டிருப்பதுதான் கணக்கு. சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டி ஊற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. அப்படிச் செய்தால் படலம் நொறுங்கும் தன்மையோடு வரும். வேறு கம்பெனி ஹார்டனரைக் கலப்பதும் சூதாட்டம். முன்பே திறந்து மூடி சரியாக இறுக்காத ஹார்டனர் டின் கெட்டியாகவோ கலங்கலாகவோ இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டது.

நிறத்துக்கும் கிளியருக்கும் கன்னில் 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் நாசில் (பெயின்ட் வெளிவரும் துளை), சர்ஃபேஸருக்கு அதைவிடப் பெரியது. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே பத்து நிமிடமாவது ஆற விட வேண்டும். அவசரப்பட்டால் அடியில் மாட்டிய தின்னர் ஊசித் துளைகளாக வெடித்து வெளியே வரும், அல்லது கதவில் வழிசல் இறங்கும். வழிசல் விழுந்தால் ஈரத்தில் தொடாமல் விடச் சொல்லுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு 1500, 2000 நம்பரில் தேய்த்து பாலிஷில் எடுத்துவிடலாம். ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக இருந்தாலும் அதே வைத்தியம்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஒரு வாரம் ஷாம்பு போட்டுக் கழுவாதீர்கள். ஒரு மாதம் வேக்ஸ் வேண்டாம், கவர் போட்டு மூடவும் வேண்டாம். உள்ளே மிச்சமிருக்கும் தின்னர் வெளியே போக வேண்டும். இந்த ஊரில் நிழல் என்றாலே மரத்தடிதான். ஆனால் தூங்குமூஞ்சி மரத்தடியில் பிசின் மாதிரி ஒன்று சொட்டும், வௌவால் வந்து உட்காரும் மரமாக இருந்தால் இன்னும் மோசம். புது பெயின்ட்டில் எச்சம் விழுந்தால் சாயங்காலம் வரை விடாமல், அப்போதே நிறையத் தண்ணீர் ஊற்றி எடுத்துவிடுங்கள். தேய்க்காதீர்கள்.

ஹார்டனர் கலந்த மிச்சத்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான், சில மணி நேரத்தில் கல்லாகிவிடும். கலக்காத நிறத்தில் 200 மில்லியைச் சின்ன டின்னில் வாய் வரை ஊற்றி, மூடியை இறுக்கி, பெயர், குறியீடு, தேதி எழுதி வையுங்கள். மிக்ஸிங் கடைக்காரர் டின் மேல் ஒட்டிய சூத்திரச் சீட்டு சில மாதங்களில் வெளுத்துவிடும், அதனால் அன்றே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். என்னுடையதை மூன்று மாதத்திலேயே தேட வேண்டி வந்தது. சில்க் போர்டு சிக்னலில் ஒரு பைக்காரர் பின் கதவில் ஹேண்டிலால் கோடு போட்டுவிட்டு, "ஸாரி அண்ணா" என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.